வார்டிலிருந்து வாசற்படி வரை

பக்கவாத நோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது பலர் கூடிச் செய்யும் தொழில். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ ஒரு பக்கம் விழுந்துபோனவருக்கு முதல் சில மணி நேரம் மருத்துவர் கையில் இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குப் பின் வரும் வாரங்களும் மாதங்களும் செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ சமூகப் பணியாளர், வீட்டார் எனப் பலருடைய பொறுப்பு. இந்தச் சங்கிலி அறுந்துபோவது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்தான்.

குழுவின் வேலை வார்டிலேயே தொடங்குகிறது. முதலில் பார்ப்பது விழுங்குதல். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்துச் செவிலியர் ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுக்கிறார். தொண்டை மேலேறி இறங்குகிறதா என்று கவனித்துவிட்டு, ‘ஆ’ என்று சொல்லச் சொல்கிறார். இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ வாய்வழியாக எதுவும் கிடையாது, மூக்குக் குழாய்தான். இதைத் தவறவிட்டால் கஞ்சியோ தண்ணீரோ நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். பக்கவாதத்தில் பிழைத்தவர்களைப் பின்னால் பலிகொள்ளும் காரணங்களில் அது முக்கியமானது. வீட்டில், நாக்கு வறண்டு கிடக்கிறதே என்று படுத்த வாக்கிலேயே தண்ணீர் ஊற்றுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், அந்த அன்புக்கு முறை தெரிய வேண்டும். எனவே வார்டில் இருக்கும்போதே மனைவியையோ மகளையோ பக்கத்தில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே ஊட்டவைத்துப் பார்ப்பது நல்ல செவிலியரின் வழக்கம்.

அடுத்தது வீட்டைப் பற்றிய விசாரணை. வாசலில் எத்தனை படி? கழிப்பறை வீட்டுக்குள்ளா, கொல்லையிலா? உட்காரும் கழிப்பறையா, குந்தும் கழிப்பறையா? பகலில் யார் கூட இருப்பார்கள்? சமூகப் பணியாளர் கேட்கும் இந்தக் கேள்விகளுக்கு ஸ்கேன் படத்தைவிடக் குறைந்த மதிப்பு இல்லை. வார்டின் வழவழப்பான தரையில் பத்தடி நடந்தவர், வீட்டு நிலைப்படி தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது.

குழுவே நோயாளியைப் பின்தொடர்ந்து வீட்டுக்குப் போகும் முறையை 1990களில் லண்டன், ஸ்டாக்ஹோம் போன்ற நகரங்களில் சோதித்தார்கள். பாதிப்பு மிதமாக உள்ளவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரி வாசம் சராசரியாக ஐந்தாறு நாள் குறைந்தது. பிறரைச் சார்ந்து வாழ வேண்டிய நிலையும் குறைந்தது. ஒரே குழுவாகக் கூடிப் பேசித் திட்டமிட்ட இடங்களில்தான் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது.

இந்தியாவில் அவ்வளவு பயிற்சியாளர்கள் இல்லாததால், குடும்பத்துக்கே கற்றுக்கொடுத்தால் போதுமா என்ற கேள்வி எழுந்தது. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு அதற்கு விடை தேடியது. முடிவு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும், வீட்டார் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 100க்கு 47 பேர். வித்தியாசமே இல்லை. வீட்டார் பாடுபடவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பழகிய கையின் வேலையைக் குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்றே இதைப் படிக்க வேண்டும்.

அந்தப் பழகிய கையை வாசலுக்குக் கொண்டுவரும் வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் தேவைப்படும் வீடுகளுக்குப் போகிறார்கள்.

அப்படிப் போன ஓர் ஓட்டு வீட்டில், அறுபதைக் கடந்த விவசாயி ஒருவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வலது பக்கம் வரவில்லை. மனைவி அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து எழுப்பப் போனார். இயன்முறை மருத்துவரான இளம்பெண் தடுத்தார்: “அம்மா, அந்தக் கையை இழுக்காதீங்க. தோள் நழுவிடும். இடுப்பைப் பிடிங்க.” நாற்காலியைக் கட்டிலுக்கு இடப்புறம், நல்ல கைப் பக்கம் போட்டார். “ஐயா, மூக்கு முட்டிக்கு நேரா வர்ற மாதிரி முன்னாடி குனிங்க. இப்ப எழுந்திரிங்க.” அவர் எழுந்து, திரும்பி, உட்கார்ந்தார். சட்டை போட ஒரே விதி: விழுந்த கை முதலில் நுழையும், கழற்றும்போது கடைசியில் வரும். கயிற்றுக் கட்டில் குழிவதால் புரளவும் எழவும் சிரமம். பலகைக் கட்டில் நல்லது. கழிப்பறைக்கு நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். இவ்வளவும் நாற்பது நிமிடம். மனைவி மூன்று முறை தானே செய்துகாட்டிய பிறகுதான் அந்தப் பெண் கிளம்பினார்.

குறைகள் இல்லாமல் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. படிக்க வேண்டியவருக்கோ தமிழ்தான் தெரியும். பேச்சுப் பயிற்சியாளர் நகரங்களைத் தாண்டிக் கிடைப்பது அரிது. வாய் பேச வராதவர் புத்தி கெட்டவர் ஆகிவிட்டதாக வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள்; பல நேரம் அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்தான் வரவில்லை. பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது; அதை மருந்தால் சரிசெய்யலாம், ஆனால் யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் தேறியதும் அழுத்த மாத்திரையை நிறுத்துவதோ இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. இரண்டாவது முறை தாக்கினால் முதல் முறையைவிடப் பெரும்பாலும் கடுமையாக இருக்கும்.

ஆகவே டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். எந்த மாத்திரை எவ்வளவு நாள், எதை எப்படி ஊட்டுவது, வீட்டுக்கு யார் எந்தத் தேதியில் வருவார் என்ற மூன்றையும் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.