இளைப்பாறியவர்கள்

எம்மூரில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து விலகியவரை 'இளைப்பாறியவர்' என்று குறிப்பிடுவதே பெருவழக்கு. கலியாணக் கடிதத்திலும் சரி, மரண அறிவித்தலிலும் சரி, 'இளைப்பாறிய ஆசிரியை', 'இளைப்பாறிய தபாலதிபர்' என்று பெயருக்கு முன்னால் அச்சொல் வந்து அமர்ந்துவிடும். வெயிலில் நடந்துவந்த வழிப்போக்கன் ஆலமர நிழலில் துண்டை விரித்துச் சாய்வதை நினைவூட்டும் இனிய சொல் அது. ஆயினும், அதனை வழக்கிற் கொண்டுவந்தவர் எங்கள் அயலில் வாழும் இளைப்பாறிய தபாலதிபரையும் அவர் மனைவியாரையும் ஒருநாள் பின்தொடர்ந்திருப்பாராயின், வேறொரு சொல்லைத் தேடியிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

கல்லூரி ஆவணி விடுமுறைக்காக மூடப்பட்டிருந்தமையால் அவ்வாறு பின்தொடரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. "தம்பி, ஒரு சாட்சிக் கையெழுத்துத் தேவைப்படும். நீர் லீவிலைதானே?" என்று முதல்நாள் மாலை மாமா வேலிக்கு மேலால் கேட்டார். அயலவர் என்ற உரிமையில் அவர் எனக்கு மாமா, மனைவியார் மாமி.

ஓய்வூதியம் பெறுபவர், தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் சான்றிதழ் கொண்டு நிரூபிக்க வேண்டும். மாமா இவ்வாண்டுக்குரியதை முன்னரே நிரூபித்துவிட்டார். இப்போது எழுந்திருப்பது மாமியின் விடயம். 1984ஆம் ஆண்டு எழுதப்பட்ட விவாகப் பதிவில் மாமியின் பெயர் ஒருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் அதே பெயர் ஈற்றில் ஓர் 'அம்மா'வுடனும் காணப்படுகின்றன. நாற்பது ஆண்டுகளாக எவருக்கும் இடையூறு செய்யாதிருந்த அந்த 'அம்மா', விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கோவையை மாமா ஒழுங்குபடுத்தப் புகுந்தபோது குறுக்கே நின்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய திட்டம் அது. உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு பங்கைக் கழித்து, அவர் காலத்தின் பின் மனைவிக்கு ஊதியம் வழங்குவது. அம்மனைவி இன்னார்தான் என்பதில் எழுத்தளவும் ஐயம் இருக்கலாகாது.

காலை எட்டு மணிக்குப் படலை திறந்தது. ஸ்கூட்டரை ஓட்டுபவர் மாமி. பின்னால் இருப்பவர் மாமா. முன்னொரு காலத்தில் இது மாறியிருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரும்பொருளாகிவிட, சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மோட்டார் சைக்கிள் அவருடையது. வீதி நெடுகப் புகை கக்கிச் செல்லும் அதன் பின்னிருக்கையில் மாமி அமர்ந்து சென்றதை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். பிற்காலத்தில் மாமாவின் கண்ணில் அமுக்க நோய் கண்டது. பக்கப் பார்வை குறையத் தொடங்கியதும், வைத்தியர் சொல்லுமுன் தாமே திறப்பை மேசைமீது வைத்துவிட்டார். யுத்தகாலம் முழுவதும் துவிச்சக்கர வண்டி மிதித்த மாமி, அறுபதாம் வயதில் ஸ்கூட்டர் பழகினார். 2022இல் இருசக்கர வாகனத்துக்கு வாரம் நான்கு லீற்றர் என்று பங்கிட்டபோது, வரிசையில் நின்று நிரப்பி வந்தவரும் அவரே.

மாமாவின் மடியில் ஒரு பழைய ரெக்சின் பை. அத்தகைய பை இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. காணி உறுதி, பிறப்பத்தாட்சி, விவாகப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ் யாவும் அதனுள் இருக்கும். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவில், சட்டி பானைகளை விட்டுச் சென்றோரும் பையை விட்டுச் செல்லவில்லை.

முதலிற் கிராம அலுவலரிடம் சென்றோம். விதானை முறை 1963இல் ஒழிந்தபோதிலும் மாமிக்கு அவர் இன்னும் 'விதானையார்'தான். அவர் வெளிக்கள வேலையாகச் சென்றிருந்தார். வேப்பமர நிழலில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து கடிதம் பெற்றோம். அடுத்துச் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அவர் இருப்பது பட்டினத்தில். நல்லூர்த் திருவிழாக் காலமாதலால் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டிருந்தன. ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றினோம். சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் எறிந்தது. நான் மோட்டார் சைக்கிளிற் பின்னே சென்றபடியால் முன்னால் நடந்த உரையாடல் காதில் விழுந்தது.

"முன்னுக்கு ஒரு மதகு வரும். மெதுவாப் போம்."

"ஓமோம்."

"இடப்பக்கம் பள்ளம்."

"ஓமப்பா."

அந்தப் பள்ளம் சென்ற வருடமே மூடப்பட்டுவிட்டது. மாமி அதைச் சொல்லவில்லை. வேகத்தைச் சற்றுக் குறைத்து, இல்லாத பள்ளத்தை விலகிச் சென்றார்.

அங்கே, இரு பெயருக்கும் உரியவர் தாமே என்று மாமி சத்தியம் செய்தார், நான் சாட்சியிட்டேன். நீதவான் முத்திரை பதித்ததும் மாமா தாளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, "சீல் மங்கலாயிருக்கு ஐயா, இன்னொருக்காக் குத்துங்கோ" என்றார். வாழ்நாள் முழுவதும் தபால் முத்திரை குத்திய கை அல்லவா!

பிரதேச செயலகம் ஒன்றின் கருமபீடத்தை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் பயிற்சி வகுப்புக்குச் சென்றிருந்தார். மூலப் பத்திரங்களை அவரே பார்வையிட வேண்டுமாம். அடுத்த புதன் வரும்படி ஓர் இளைஞர் பணிவோடு கூறினார். எனக்குச் சினம் மூண்டது. மாமா என் கையைப் பற்றினார். "பொடியன் என்ன செய்வான்? பக்கத்துக் கதிரை ரண்டும் வெறுங்கதிரை" என்றார். முப்பது ஆண்டுகள் கருமபீடத்தின் உட்புறம் இருந்தவருக்கு அதன் வெளிப்புறத்தில் நிற்கவும் தெரிந்திருந்தது.

மாமி எதிர்க்கடையில் மரக்கறி வாங்கச் சென்றபோது, நாங்கள் தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்தோம்.

"தபால் கந்தோரிலை எத்தினை பெம்பிளையளைக் கண்டனான் தம்பி. புருசன் செத்து எட்டு மாசம், ஒரு வருசம். பேரிலை ஒரு எழுத்துப் பிழையெண்டு காசு வராது. 'நீங்கள் ஆர்?' எண்டு கேட்பினம். தங்களை ஆரெண்டு அதுகளாலை சொல்லேலாது. அழுங்கள். நான் இருக்கேக்கை இவவின்ரை பேரை நேராக்கிவிட்டால், நான் இல்லாத நேரம் அந்தக் கேள்வி வராது." தேநீரை முடித்துவிட்டு, "கண் இருக்கேக்கை" என்று தம்மைத் திருத்திக்கொண்டார்.

மாமிக்கு இது தெரியாதென்று அவர் நினைத்திருக்கிறார். புறப்படும்போது மாமா பையின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, மாமி தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "எனக்குக் காசைப் பற்றின யோசனையில்லைத் தம்பி. ஆனால் இப்பிடி ஒரு அலுவலெண்டு வெளிக்கிட்டால், அண்டைக்கு முழுக்க அவர் கண்ணைப் பற்றிக் கதைக்கமாட்டார். வீட்டிலை இருந்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். புதன்கிழமை வரச் சொன்னது நல்லதுதான்."

திரும்பும் வழியில், வீதித் தடையண்டை மாமி ஸ்கூட்டரை நிறுத்தினார். இருவரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தே தெரிந்த கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டனர். மாமா நோக்கிய திசை சற்று விலகியிருந்தது. மாமி அவருடைய தோளைத் தொட்டு மெல்லத் திருப்பிவிட்டார்.

வீடு சேர்ந்தபோது மணி நாலரை. மாமா இறங்கிப் படலையைத் திறந்தவாறே, "அடுத்த கிழமை தேர் வருகுது, சனம் இன்னும் கூடும். புதன்கிழமை ஏழு மணிக்கே வெளிக்கிடவேணும்" என்றார்.

"அப்ப செவ்வாய்க்கிழமையே பெற்றோல் அடிச்சு வைக்கிறன்" என்றார் மாமி.