இறக்கத்தில் தெரியும் தரம்

ஊவா மலைப்பாதைகளில் ஓடும் வாகனத்துக்கு அடிக்கடி மாற்ற வேண்டியவை பிரேக்கும் கிளச்சும். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போது பிரேக் லைனிங் தேய்கிறது; திரும்பி ஏறும்போது கிளச் பிளேட் தேய்கிறது. புஷ்களையும் ஷொக் அப்சோபர்களையும் லயங்களுக்குப் போகும் தோட்டத்துப் பாதை பார்த்துக்கொள்ளும்.

பதுளைக் கடையில் ஒரே பாகத்துக்குப் பல விலை. வாகனக் கம்பனியின் பெட்டியில் வருவது ‘ஜெனுயின்’. அந்தக் கம்பனிக்குப் பாகம் செய்துகொடுக்கும் தொழிற்சாலை தன் பெயரிலும் விற்பதுண்டு. டொயோட்டாவுக்குச் செய்யும் டென்சோ, ஐசின் அப்படிப்பட்டவை. பெட்டிதான் வேறு, விலையும் குறைவு. விஷயம் தெரிந்த மெக்கானிக் இதைத்தான் கேட்பார். வேறு கம்பனிகள் அளவு பார்த்துச் செய்பவற்றில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. போலி இவற்றில் சேராது. மட்டமான பாகம் தன் சொந்தப் பெயரையாவது சொல்லும். போலி அதையும் மறைக்கும்.

பழைய பாகங்களுக்கு ஊற்று ஜப்பான். அங்கே புதுக் கார் 3 ஆண்டிலும், பிறகு 2 ஆண்டுக்கொரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்தச் செலவை நினைத்தே பலர் நன்றாக ஓடும் வண்டியைக் கழித்துவிடுகிறார்கள். ஸ்டியரிங் இங்குபோல வலப்பக்கம் என்பதால் எஞ்சின் முதல் கதவு வரை அப்படியே பொருந்தும். கழற்றியவை கொழும்பு பஞ்சிகாவத்தையில் குவிந்து, அங்கிருந்து மலை ஏறுகின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் இருக்கும் வண்டியையே ஓட்டித் தீர்க்க வேண்டியிருந்தது.

மொரிஸ் மைனர் தனிக்கதை. இங்கிலாந்தில் 1971இல் உற்பத்தி நின்ற காருக்குக் கம்பனிப் பெட்டியை எங்கே தேடுவது? 1990களில் இலங்கையின் தெற்கே ஒரு பட்டறை அதன் தகரப் பாகங்களை அடித்து, கார் பிறந்த நாட்டுக்கே அனுப்பியது. கிடைக்காத சில்லறைப் பாகங்களை லேத்காரர் கடைந்து தருவார்.

கதவும் கண்ணாடியும் பழையதாக இருந்தால் பாதகமில்லை. பிரேக்கில் அந்தச் சிக்கனம் கூடாது. நீண்ட இறக்கத்தில் மட்டமான லைனிங் சூடேறிப் பிடியை இழக்கும். பிரேக் ஒயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரமேறிய ஒயில் அந்தச் சூட்டில் கொதித்தால், மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. விலை பேசுவதற்கு முன் போத்தலின் மூடி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.