இடப்பக்கத்து ஸலாம்

அன்று ஸுப்ஹுத் தொழுகைக்கு எழுந்தபோது இடது காது அடைத்துக்கொண்டதுபோல் தோன்றியது. பாங்கொலி வலது காதில் மட்டுமே விழுந்தது. இடது காதில் ஓயாத இரைச்சல். சளியாக இருக்கும், இல்லையேல் அழுக்காக இருக்கும் என்று எண்ணினேன். உம்மா காலத்து வழக்கப்படி நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டுச் சொட்டு விட்டேன். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லியே ஒன்பது நாட்களைக் கழித்தேன்.

பத்தாம் நாள் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், இடப்பக்கம் நின்ற பால்ய நண்பர் ஸலாம் கூறியிருக்கிறார். நான் பதில் கூறாமலே நடந்துவிட்டேன். மாலையில் வீடு தேடி வந்தவர், "என் மீது என்ன வருத்தம் பாய்?" என்று கேட்டார். என் அலட்சியம் ஒரு சகோதரரின் உள்ளத்தைப் புண்படுத்திவிட்டதே என்று கூனிக் குறுகினேன். விவரமறிந்ததும் பதறிப்போனார். மறுநாள் காலை அவரே என்னைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

மருத்துவர் காதினுள் ஒளி பாய்ச்சிப் பார்த்தார். அழுக்கு இல்லை, செவிப்பறையும் நலமாகவே இருந்தது. இசைக்கவையைத் தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்தார். ஒலி வலப்பக்கமே கேட்டது. வெறும் அடைப்பாயின், அடைத்த காதில்தான் அது உரத்துக் கேட்குமாம். எனவே பழுது உட்செவியிலோ நரம்பிலோ என்று விளக்கினார். மூன்று நாட்களுக்குள் கேள்திறன் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறைந்துவிடும் இந்நோய்க்குப் பெரும்பாலோரிடம் காரணம் புலப்படுவதே இல்லையாம்.

"குணமாகுமா டாக்டர்?" என்றேன்.

இழப்பு குறைவாக இருப்போர், தலைச்சுற்றல் இல்லாதோர், வயது முதிராதோர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம் என்றார். சிலருக்கு மருந்தின்றியே திரும்புவதும் உண்டு. ஆனால் அந்தச் சிலர் யாரென்று முன்கூட்டி அறிய இயலாது. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள், இயன்றவரை முதல் நாட்களிலேயே தொடங்குவது நலம் என்றார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டாதலால், மருந்து உண்ட நாட்களில் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி சோதிக்கச் சொன்னார். நரம்பில் கட்டி ஏதும் இல்லையென்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், கட்டி இல்லை.

வயதும் இழப்பின் அளவும் என் கையில் இல்லை. காலம் ஒன்றே என் கையில் இருந்தது. அதைத்தான் எண்ணெய்க் கிண்ணத்தில் கரைத்தேன். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். நானோ ஒட்டகத்தைக் கட்டாமலே அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டியிருந்தேன்.

கேள்திறன் ஓரளவே திரும்பியது. முன்னரே சென்றிருந்தால் முழுமையாகத் திரும்பியிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான். இன்று பள்ளியை விட்டு வெளியே வருகையில் என் நண்பர் வலப்பக்கம் வந்து நின்றே ஸலாம் கூறுகிறார்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் எவருக்கேனும் ஒரு காது திடீரென மந்தமானால், எண்ணெயைத் தேடாதீர்கள். அன்றே மருத்துவரை நாடுங்கள். ஷிஃபா அளிப்பவன் வல்ல நாயனே. வாசல் வரை நடந்து செல்வது நம் பொறுப்பு.