தோப்பு யாருக்குச் சொந்தம்?

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நிகோபார் எனக்கு ஒரு கல்வெட்டுச் சொல். ராஜேந்திர சோழன் வென்ற இடங்களைச் சொல்லும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அது 'மாநக்கவாரம்'. பெயரை ஆயிரம் வருடமாக அறிந்த தமிழில், அத்தீவினரின் சொத்து முறைக்குச் சொல் இல்லை என்பது மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

கார் நிகோபாரில் தென்னந்தோப்பு தனி ஆளின் சொத்தல்ல. 'துஹேட்' என்ற பெருங்குடும்பத்தின் சொத்து. யார் எங்கே நடுவது, எதைப் பறிப்பது என்பதெல்லாம் குடும்பத் தலைமையின் பொறுப்பு. தேங்காய் கொப்பரையாகிக் கப்பலேறும், பன்றிகளுக்கும் தீனியாகும். பன்றி இல்லாமல் அங்கே விருந்து இல்லை. வெளியார் நிலம் வாங்கிக் குவிக்காதபடி 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் காவல் நிற்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தோப்புகளை வாரிக்கொண்டு போனது. நிவாரணமோ கணவன், மனைவி, குழந்தைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் வந்தது. அவசரத்தில் அதுதான் சுலபம். ஆனால் நட்ட தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும். அதுவரை தாக்குப்பிடிக்கப் பல கைகள் சேர வேண்டும். பணம் தனித்தனியாகப் பிரிந்தபோது, அந்தக் கைகளைச் சேர்த்து வைத்திருந்த கட்டும் தளர்ந்தது.

'கூட்டுக் குடும்பம்' என்று எழுதினால் நம்மூர்ப் பாகப்பிரிவினையும் கூடவே வந்துவிடும். அதனால் 'துஹேட்' என்றே எழுதுகிறேன். அடுத்த பேரிடரில் நிவாரணப் பட்டியல் போடுகிறவர்களும் அந்தச் சொல்லுக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும்.