பாதியில் நின்ற பாட்டு

கிள்ளானில் அம்மா படுக்கையில் இருந்த நாள்களில், அவர் தலைமாட்டில் என் கைத்தொலைபேசி வழியே மின்னல் பண்பலை ஒலித்துக்கொண்டிருக்கும். பிரிக்பீல்ட்சில் வாழும் தங்கை மகன் தன் குழந்தையின் காணொளியை அனுப்புவான். காட்டுவேன், அம்மா சிரிப்பார். காணொளி முடிந்தபின் வானொலி மீண்டும் ஒலிக்காது. அதைக் கவனியாமல் நான் அடுக்களைக்குச் சென்றுவிடுவேன். கை அசையாத அவர் அந்த அமைதியிலேயே மாலைவரை கிடப்பார். ஏன் அழைக்கவில்லை என்றால், “நீ வேலையாய் இருப்பாயே, ஐயா” என்பார்.

ஒரு ஞாயிறன்று வந்த தங்கை மகனிடம் கேட்டேன். செயலிகள் எழுதுவதே அவன் தொழில்.

“ஆண்ட்ராய்டில் ஒலிக்கும் உரிமையைச் சிறிது நேரத்திற்கென்று கேட்டு வாங்கி, முடிந்ததும் திருப்பித் தந்தால் வானொலி தொடரும், மாமா. நிலையாகவே கேட்டு வாங்கினால் அது நின்றுபோகும். ஐபோனில், ‘நான் முடித்துவிட்டேன்’ என்று மற்றச் செயலிகளுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு வரிதான், பலர் எழுத மறந்துவிடுகிறார்கள்.”

ஒரு வரி! எனக்குச் சினம் பொங்கியது.

அன்றிரவே பழைய வானொலிப் பெட்டியைத் துடைத்து, 96.3-இல் முள்ளை நிறுத்தி அம்மாவின் அருகில் வைத்தேன். காணொளி காட்டும்போது அதன் ஒலியைக் குறைப்பேன். மீண்டும் கூட்டிவைக்க நானும் இருமுறை மறந்திருக்கிறேன்.