90 வயசு ரேஸ் டிரைவரும் என் மிருதங்கமும்

கார் ரேஸ் பதிவுன்னதும் அடுத்த ஜன்னலுக்குத் தாவிடாதீங்க மக்களே. எனக்கும் ரேஸுக்கும் உள்ள சம்பந்தம், சின்ன வயசுல பார்த்த 'கார்ஸ்' படத்தோட சரி. மெக்கானிக்கல் படிச்சிட்டு கீபோர்டு தட்டிப் பிழைக்கிற பெருங்கூட்டத்துல நானும் ஒருத்தன். அதனால எஞ்சின் மேல மட்டும் ஒரு பழைய பாசம் ஒட்டிக்கிட்டு இருக்கு.

அமெரிக்காவுல ஸ்டாக் கார் ரேஸ்னு ஒண்ணு உண்டு. 'ஸ்டாக்' என்றால் ஷோரூமில் விற்கிற அதே கார். (இப்போ ஓடுறதெல்லாம் பேருக்குத்தான் அப்படி, அது தனிக்கதை.) இந்த விளையாட்டு வளர்ந்ததில் கள்ளச்சாராயம் கடத்தினவங்களுக்கும் பங்கு உண்டு. 1949 ஜூனில் சார்லட் நகரில் நாஸ்கார் அமைப்பு நடத்திய முதல் 'அசல் ஸ்டாக்' பந்தயத்தில் முதலில் வந்த வண்டியையே தகுதி நீக்கம் பண்ணிட்டாங்க. பின்பக்க ஸ்பிரிங்கில் கைவேலை பண்ணியிருந்தாங்களாம். அது சாராயம் ஏத்தப் பயன்பட்ட வண்டி! நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன்கூட 2010-ல் நாஸ்காரின் டிரக் பந்தயங்களில் ஓட்டியிருக்கார்.

நான் சொல்ல வந்தது ஹெர்ஷல் மெக்ரிஃப் என்பவரைப் பத்தி. ஆரிகன் மாநிலத்துல மரம் அறுக்கிற ஊர் ஒன்றில் 1927 டிசம்பரில் பிறந்தவர். பதினேழு வயசுல முதல் ரேஸ். 1950 மே மாதம் மெக்சிகோவுல 'கரேரா பனமெரிக்கானா' என்று ஒரு பந்தயம். நாட்டின் வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லை வரை, மலையும் பள்ளமுமா, 3,000 கிலோமீட்டருக்கும் மேல். பெரிய பெரிய வண்டியெல்லாம் வந்திருக்க, ஒரு ஓல்ட்ஸ்மொபைல் 88-ஐ ஓட்டிக்கிட்டுப் போய் ஜெயிச்சார் மனுஷன். வயசு 22! அதே வருஷம் செப்டம்பரில் டார்லிங்டனில் நடந்த முதல் 'சதர்ன் 500' பந்தயத்தில் 75 கார்களுக்கு நடுவில் ஒன்பதாவதா வந்தார்.

1954-ல் நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயங்களில் நாலு வெற்றி. அப்பதான் கதையில திருப்பம். படகு மோட்டார் செய்து பணம் பார்த்த கார்ல் கீக்ஹேஃபர் என்பவர் புது அணி தொடங்குறார். "வா, என் காரை ஓட்டு" என்று கூப்பிடுறார். மெக்ரிஃப் வேண்டாம்னுட்டார். குடும்பமும் மர வியாபாரமும் ஆரிகனில் இருந்தது. கிளம்பி ஊருக்குப் போயிட்டார்.

அந்த அணியின் காரை 1955-ல் ஓட்டினவர் டிம் ஃபிளாக். ஒரே வருஷத்தில் 18 வெற்றி, சாம்பியன் பட்டம். ஐயோ, விட்டுட்டாரேன்னு தோணுதா? எனக்கும் தோணிச்சு. ஆனா அடுத்த வருஷம் நடுவிலேயே, வயித்துல அல்சர்னு சொல்லி ஃபிளாக் அந்த அணியை விட்டு விலகினார். கீக்ஹேஃபரின் கெடுபிடி அப்படி.

மெக்ரிஃப் பத்து வருஷத்துக்கு மேல பெரிய பந்தயங்கள் பக்கமே வரலை. அறுபதுகளின் கடைசியில், நாற்பதை நெருங்குற வயசுல திரும்பி வந்தார். மேற்குக் கரையோரப் பந்தயங்கள்ல ஓட்ட ஆரம்பிச்சார். 1976-ல் தன் மகனையும் சேர்த்துக்கிட்டு ஒரு டாட்ஜ் சார்ஜரோட பிரான்சுக்கே போயிட்டார், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு! நாசூக்கான ஐரோப்பியக் கார்களுக்கு நடுவுல நம்மூர் லாரி மாதிரி ஒரு வண்டி. ரெண்டே சுத்து. அங்கே கிடைச்ச பெட்ரோலின் ஆக்டேன் அளவு அந்த எஞ்சினுக்குப் போதலை. அழுத்தம் அதிகமான எஞ்சின்ல அப்படிப்பட்ட பெட்ரோலை ஊத்தினா, அது நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனைப் பதம் பார்த்துடும். அவ்வளவுதான், பெட்டியைக் கட்டியாச்சு.

அதோட விட்டாரா? 1986-ல், 58 வயசுல, மேற்குப் பிராந்திய சாம்பியன். 2018 மே மாதம் டூசான் நகரில் அதே மேற்குப் பிராந்தியப் பந்தயத்தில், பேரப்பிள்ளை வயசுப் பசங்களோட ஓட்டினப்போ வயசு 90. 2023-ல் நாஸ்காரின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தாங்க.

இதுல மிருதங்கம் எங்கேன்னு கேக்குறீங்களா? வர்றேன்.

எனக்கு ஒன்பது வயசுல இருந்து வாசிப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்பவும் வாசிக்கிறேன். போன வருஷம் ஒரு நாட்டியக் குழுவிலிருந்து கூப்பிட்டாங்க. வருஷத்துல எட்டு மாசம் ஊர் ஊரா பயணம், வேலையை விட்டுடணும். ரெண்டு வாரம் சரியா தூங்கலை. அம்மாவோட மருந்துச் செலவு, தங்கச்சி படிப்புக் கடன் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிப் பார்த்தேன். முடியாதுன்னு சொல்லிட்டேன். "பயந்தாங்கொள்ளிடா நீ, கனவைத் துரத்தத் தைரியம் இல்லை" என்றான் நண்பன். இன்னொரு பக்கம் சித்தப்பா, "அப்புறம் எதுக்குடா இன்னும் அதைப் போட்டுத் தட்டிக்கிட்டு இருக்கே? ஒண்ணு முழுசா பண்ணு, இல்லை மூட்டை கட்டு" என்றார்.

இவங்க ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான். பிழைப்பா ஆகாத எதுக்கும் மதிப்பில்லை. மெக்ரிஃப் கதையைப் படிச்சப்போ எனக்கு இடிச்சது இந்த இடம்தான். அவர் மறுத்தது ஒரு சீட்டைத்தான். ரேஸை அவர் மறுக்கவே இல்லை.

வியாபாரம் கைகொடுத்ததாலதான் அவரால அப்படி இருக்க முடிஞ்சதுன்னு நீங்க சொன்னா, ஒத்துக்கிறேன். கார் ஓட்டுறது மலிவான பொழுதுபோக்கு இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போயிருந்தா இன்னும் பெரிய பேர் கிடைச்சிருக்கலாம், அதுவும் வாஸ்தவம். எனக்கும் அந்த மேடைகள் கிடைக்காமலே போகலாம். அதைத் தெரிஞ்சுதான் முடியாதுன்னேன்.

'அமெச்சூர்' என்கிற வார்த்தையை நாம அரைகுறைங்கிற அர்த்தத்துல திட்டுறதுக்கு வெச்சிருக்கோம். அதோட மூலம் லத்தீன். அங்கே அர்த்தம், நேசிக்கிறவன். அரைகுறையா வாசிக்கலாம்னு இதுக்கு அர்த்தம் இல்லை சாமி. ரேஸ் டிராக்குல தொண்ணூறு வயசுக்குன்னு தனிச் சலுகை கிடையாது, மிஸ்ர சாபுவில் எனக்கும் கிடையாது. தாளம் தப்பினா தப்பினதுதான்.

இந்த வாரம் மிஸ்ர சாபுவில் ஒரு கோர்வை இடிக்குது. எண்ணிக்கை சரியாத்தான் வருது, கை வரமாட்டேங்குது. தொண்ணூறுக்கு இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல இருக்கு, வந்துடும்!