ஜெர்மானியம் கற்பித்த பாடம்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுக்கு டிரான்சிஸ்டரோடு யாது தொடர்பு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அத்தொடர்பு என் பாட்டனார் வழியாக வந்தது. அவர் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நெடுங்காலம் ரேடியோ பழுது பார்த்தவர். அவர் மறைந்தபின் கடையிலிருந்து வீட்டிற்கு வந்த பொருள்களுள் பிஸ்கோத்துத் தகரப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதனுள் 43 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் கிடந்தன. அனைத்தும் பழைய ரேடியோக்களில் ஒலிபெருக்கியை இயக்குவதற்குப் பயன்பட்ட ஏசி128 என்னும் வகையின. அவற்றுள் பதினொன்றின் தலையில் சிவப்பு வண்ணத்தால் சிறு பொட்டு ஒன்று இடப்பட்டிருந்தது.

ஜெர்மானியத்தின் வரலாறு சுவையுடையது. இத்தகைய தனிமம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று ருஷிய அறிஞர் மெண்டலீவ் 1871-ஆம் ஆண்டில் முன்னுரைத்தார். 1886-இல் விங்க்ளர் என்னும் வேதியியலார் அதனைக் கண்டறிந்து, தம் நாட்டின் பெயரையே அதற்கு இட்டார். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் இருவரும் இயக்கிக் காட்டிய முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆயதே. பின்னர் வெப்பத்தைத் தாங்கவல்ல சிலிக்கன் வந்து அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. ஆயினும் கித்தார் வாசிப்போர் ஜெர்மானியத்தை மறந்திலர். 1966-இல் லண்டன் ஆர்பிட்டர் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் வட்டவடிவப் பெடலில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இரண்டே இருந்தன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலால் மிதித்து முழக்கிய கருவி அது. கம்பியின் தூய நாதத்தை அது கரகரப்பாக்கி நீட்டும். கித்தாரிலுள்ள ஒலித்திருகைச் சற்றே குறைப்பின் நாதம் மீண்டும் தெளியும். இந்த இணக்கத்தை நாடியே இன்றும் பலர் பழைய ஜெர்மானியத்தைத் தேடித் திரிகின்றனர்.

என் விடுதித் தோழன் ஒருவன் ஞாயிறுதோறும் ஆலயப் பாடற்குழுவில் கித்தார் வாசிப்பவன். சென்ற ஏப்ரலில் நிகழ்ந்த இசை மாலையே கல்லூரியில் அவனுக்கு இறுதி மேடை. அவனுக்கு அத்தகைய பெடல் ஒன்று செய்து தருவதாக யான் வாக்களித்தேன். இரண்டு டிரான்சிஸ்டர்களுள் முதலாவது ஏறத்தாழ 70 முதல் 80 மடங்கும், இரண்டாவது 100 முதல் 130 மடங்கும் மின்னோட்டத்தைப் பெருக்கவேண்டும் என்பது பெடல் செய்வோர் கைக்கொள்ளும் அளவு. என் மல்ட்டிமீட்டரில் டிரான்சிஸ்டரைச் செருகிப் பார்க்கும் துளைகள் உண்டு. சிவப்புப் பொட்டிட்டவற்றுள் ஒன்று அதில் 119 காட்டியது. பாட்டனார் தேர்ந்து பொட்டிட்ட மணி இஃது என்று மகிழ்ந்து, அதனையே இரண்டாம் இடத்தில் வைத்துப் பற்றவைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது!

காலையில் விடுதி அறையில் பெடல் நன்கு ஒலித்தது. மாலையில் மேடையின் விளக்குகளும் ஏப்ரல் மாதத்துப் புழுக்கமும் சேர்ந்தன. இரண்டாம் பாட்டின் நடுவே ஓசை நைந்தது, விக்கியது, பின் அறவே அடங்கிற்று. அவையோர் சிலர் நகைத்தனர். தோழன் குனிந்து பெடலைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங் கித்தாரிலேயே பாட்டை முடித்தான். என்னை அவன் ஒரு சொல்லும் கடிந்திலன். அதுவே எனக்குப் பெருஞ் சுமையாயிற்று.

விடுமுறையில் ஊர் சென்று பாட்டியிடம் நடந்ததைக் கூறினேன். "அதையா எடுத்தாய், மக்களே? உச்சிவெயிலில் ஓய்ந்துபோகும் என்று தாத்தா பொட்டு வைத்து ஒதுக்கியவை அல்லவா?" என்றார். தேர்ந்ததற்கு அடையாளம் என யான் கொண்டது தள்ளியதற்கு அடையாளமாயிருந்தது.

அதன்பின்னரே சோதிக்கும் முறையைச் செவ்வனே கற்றேன். அதற்கு 9 வோல்ட் மின்கலம் ஒன்றும், மின்தடைகள் இரண்டும், வோல்ட்மானியும் போதும். ஏசி128 வகையில் எமிட்டரை மின்கலத்தின் நேர்முனையோடு சேர்க்கவேண்டும். கலெக்டரை 2,472 ஓம் தடையின் வழியாக எதிர்முனையோடு சேர்த்து, அத்தடையின் இரு முனைகளிலும் வோல்ட்மானியை இணைக்கவேண்டும். பேஸ் என்னும் மூன்றாங் கால் முதலில் எதனையும் தொடாதிருத்தல் வேண்டும். அந்நிலையில் மின்னோட்டம் இருத்தலாகாது. ஆனால் ஜெர்மானியம் பழைய மண்குடம் போல்வது; சிறிதேனும் கசியும். அக்கசிவை முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர்ப் பேஸை 22 இலட்சம் ஓம் தடையின் வழியாக எதிர்முனையோடு சேர்த்தால், அதனுள் ஏறத்தாழ 4 மைக்ரோஆம்பியர் பாயும். டிரான்சிஸ்டர் அதனை 100 மடங்காக்கினால் வோல்ட்மானி ஒரு வோல்ட் அளவு உயரும். இரண்டாம் அளவிலிருந்து முதல் அளவைக் கழித்து, எஞ்சியதை நூறால் பெருக்கினால் வருவதே உண்மைப் பெருக்கம்.

என்னை ஏமாற்றிய டிரான்சிஸ்டரைப் பெடலிலிருந்து எடுத்து இவ்வாறு சோதித்தேன். பேஸைத் தொடுமுன்னரே 1.16 வோல்ட் காட்டிற்று. அஃதாவது 469 மைக்ரோஆம்பியர் கசிவு. 100-க்கு உட்பட்டது மிக நன்று. 300-ஐக் கடந்தது ஐயத்திற்குரியது. பேஸைச் சேர்த்தபின் 1.88 வோல்ட். கழித்தால் 0.72, உண்மைப் பெருக்கம் 72 மட்டுமே. மல்ட்டிமீட்டர் கசிவையும் ஆற்றலையும் கூட்டி ஒரே எண்ணாக்கிக் காட்டியிருந்தது.

இச்சோதனைக்குப் பொறுமை வேண்டும். விரலால் பிடித்தாலே எண் ஏறும். ஏனெனில் வெப்பம் 10 பாகை உயருந்தோறும் கசிவு ஏறத்தாழ இரு மடங்காகும். பொருத்திவிட்டுக் கையை எடுத்து, எண் இறங்கி நிலைக்குமளவும் காத்திருத்தல் வேண்டும். இவ்வாறு 43-ஐயும் சோதிக்க மூன்று நாள்கள் ஆயின. பொட்டிட்ட பதினொன்றில் ஒன்பது பெருங்கசிவுடையன. பொட்டில்லாதவற்றில் ஐந்து காலப்போக்கில் கெட்டுக் கசிந்தன. மூன்று முற்றும் இறந்தன. ஏனையவை நல்லவை. சிறந்த கருவிகள் ஏதுமின்றிப் பாட்டனார் செவியாலும் பட்டறிவாலும் இட்ட பொட்டு பெரும்பாலும் பிழைபடவில்லை.

அந்நாளில் அயலூரிலிருந்து பெடல் செய்பவர் ஒருவர் என்பால் டிரான்சிஸ்டர் வாங்க விரும்பினார். 110-க்கு மேற்பட்டவற்றிற்கு நல்ல விலை தருவதாகக் கூறினார். எனக்கோ தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய வாரம் அது. 'மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் சொன்னால் அது பொய்யாகாதே' என்று நெஞ்சம் வழக்காடிற்று. மேடையில் குனிந்து பெடலைக் கழற்றிய தோழனின் முகம் நினைவுக்கு வந்தது. கசிவையும் பெருக்கத்தையும் தனித்தனியே எழுதி அனுப்பினேன். அவர் வாங்கவில்லை. கட்டணத்திற்கு அம்மாவிடம் கேட்டேன்.

பின்னர் 60 மைக்ரோஆம்பியர் கசிவும் 76 மடங்கும் உடைய ஒன்றையும், 90 கசிவும் 118 மடங்கும் உடைய மற்றொன்றையும் தேர்ந்து புதிய பெடல் ஒன்று செய்தேன். அதனை நண்பகலில் முற்றத்து வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, அதன்பின் வாசிக்கச் செய்து கேட்டேன். ஓசை நிலைத்து நின்றது. தோழன் இப்போது பணிபுரியும் ஊருக்கு அதனை அஞ்சலில் அனுப்பியுள்ளேன்.

நண்பர்களே, யாதொன்றும் கேளாத முன்னரே தானாக ஒழுகுவது ஆற்றலன்று; அதனைக் கழித்தபின் எஞ்சுவதே ஆற்றல். சென்ற தேர்வில் யான் பெற்ற மதிப்பெண்ணையும் அவ்வாறே கணக்கிட்டுப் பார்த்தேன். குறிப்பேட்டிலிருந்து மனப்பாடம் செய்து ஒப்பித்ததைக் கழித்தபோது எஞ்சியது சிறிதே. அச்சிறிதினின்று இவ்வாண்டு தொடங்கியுள்ளேன்.